அதிகாலைத் தனிஜெபம்: முந்தின இரவு முதல் ஆமென் வரை

முழங்கால்போட்டு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, மனம் வேறெங்கோ போய்விடும். வாய் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். உள்ளே பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், நேற்று மேனேஜர் அனுப்பிய மெசேஜ், தீர்ந்துபோன கேஸ் சிலிண்டர். பல வருஷமாகச் சபைக்குப் போகிறவர்களும் இதைச் சொல்லி வருத்தப்படுகிறார்கள்: "ஜெபிக்கத்தான் உட்காருகிறேன், ஜெபம் வருவதில்லை." உடனே பக்திக் குறைவு என்று தங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலும் ஜெபத்தைத் தொடங்கும் இடம்தான் தவறியிருக்கிறது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் 1841-இல் இதைப்பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அதற்கு முன்பெல்லாம் காலையில் உடுத்தியதும் நேராக ஜெபத்தில் இறங்குவது அவர் வழக்கம். பத்து நிமிடம், கால் மணி, சில நாள் அரை மணி நேரம்கூட மனம் அலைந்த பிறகுதான் உண்மையாக ஜெபிக்கவே தொடங்க முடிந்ததாம். பிறகு ஒழுங்கை மாற்றினார். முதலில் வேதம். வசனம் வசனமாக மெதுவாக வாசித்து, தன் ஆத்துமாவுக்கு இதில் என்ன ஆகாரம் இருக்கிறது என்று தேடினார். சற்று நேரத்தில் அந்த வசனமே அறிக்கையாகவோ ஸ்தோத்திரமாகவோ விண்ணப்பமாகவோ மாறிவிட்டது. மனம் அலையும் தொல்லை அதன்பிறகு ஏறக்குறைய இல்லாமற்போனது.

கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒழுங்கைப் பின்பற்றியே வருகிறது. தேவன் முதலில் பேசட்டும். நாம் அதற்குப் பதில் சொல்லுவோம்.

முந்தின இரவு

காலை ஜெபம் கெட்டுப்போவது பெரும்பாலும் இரவு பதினொன்றரை மணிக்கு, கையில் போன் இருக்கும்போது. ஐந்து மணிக்கு எழ வேண்டுமானால் பத்து மணிக்குப் படுக்க வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கம் இல்லாத உடம்பு முழங்காலில் இருந்தாலும் தூங்கத்தான் செய்யும். பத்து மணிக்குப் படுக்க முடியாத வீடு என்றால் ஐந்து மணியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆறு மணி வைத்துக்கொள்ளுங்கள். "அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு" என்று மாற்கு 1:35 சொல்வது உண்மை. ஆனால் நீங்கள் கொண்டுவருவது விழித்த மனமா என்பதுதான் கடிகாரம் காட்டும் எண்ணைவிட முக்கியம்.

படுக்கும்முன் மூன்று காரியம். நாளை வாசிக்கப்போகும் பகுதியில் நாடாவை வைத்து வேதத்தை மூடி, உட்காரும் இடத்திலேயே வையுங்கள். போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள்; எழுப்புவதற்கு ஒரு சாதாரண மேஜைக் கடிகாரம் போதும். போனில் அலாரம் வைத்தால் அதை நிறுத்தும் விரலே வாட்ஸ்ஆப்பையும் திறந்துவிடும். மூன்றாவது, வீட்டில் யாரோடாவது சண்டை என்றால் இரவிலேயே பேசி முடித்துவிடுங்கள். புருஷர்களுக்கு 1 பேதுரு 3:7 நேராகவே எச்சரிக்கிறது: மனைவியைக் கனம்பண்ணாதவனுடைய ஜெபத்துக்குத் தடை வரும். இரவில் முடியாமற்போனால், காலையில் வேதத்தைத் திறக்கும்முன் "நான் பேசியது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அதைச் சொல்லாமல் எத்தனை சங்கீதம் வாசித்தாலும் ஜெபம் ஓடாது.

இடமும் சாமானும்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்கிறது மத்தேயு 6:6. இரண்டு அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில் பூட்டக் கதவு ஏது? மொட்டை மாடிப் படிக்கட்டு, சமையலறையின் ஒரு மூலை, வாசல் திண்ணை, நிறுத்திவைத்த வண்டி என எதுவானாலும் சரி, தினமும் ஒரே இடமாக இருக்கட்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து பழகினால், உட்கார்ந்ததுமே மனம் அடங்கத் தொடங்கும்.

அச்சிட்ட வேதாகமம் ஒன்று, பேனா, 80 பக்க கோடு போட்ட நோட்டு ஒன்று. வேறெதுவும் தேவையில்லை. முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். காபி குடித்துவிட்டு ஜெபித்தால் பாவமில்லை. ஆனால் அடுப்பைப் பற்றவைத்தவர்கள் அப்படியே அரிசி களையப் போய்விடுவதைப் பார்க்கிறோம். காபி வேண்டுமென்றால் இரவே பிளாஸ்க்கில் வைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம்தான்

உபவாசக் கூட்டத்திலிருந்து அனலோடு திரும்பி வந்து, "நாளை முதல் ஒரு மணி நேரம்" என்று தீர்மானிப்பவர்கள் ஒரு வாரம் தாண்டுவது அபூர்வம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்: ஒரு நிமிடம் அமைதி, நான்கு நிமிடம் வாசிப்பு, நான்கு நிமிடம் வாசித்ததைக் கொண்டு ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபம். இரண்டு வாரம் இது நிலைத்தபிறகு 25 நிமிட ஒழுங்குக்கு வரலாம். அதில் அமைதிக்கு 2, வாசிப்புக்கு 6, வசனத்தை ஜெபமாக்குவதற்கு 6, அறிக்கைக்கு 3, மற்றவர்களுக்கான மன்றாட்டுக்கு 6, பரமண்டல ஜெபத்துக்கு 2.

1. அமைதி

கண்ணை மூடி, மூச்சு சீராகும்வரை சும்மா இருங்கள். வேண்டுதல் எதையும் தொடாதீர்கள். யார் முன்னிலையில் இருக்கிறேன் என்று நினைப்பது மட்டும் போதும். அதற்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டுமானால் சங்கீதம் 5:3 இருக்கிறது: "கர்த்தாவே, காலையிலே என் சத்தத்தைக் கேட்டருளுவீர், காலையிலே உமக்கு நேரே வந்து ஆயத்தமாகிக் காத்திருப்பேன்." இதை மனப்பாடமாக, மெல்லிய குரலில் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் மறந்துபோன வேலையெல்லாம் ஞாபகத்துக்கு வரும். கரண்ட் பில் கட்ட வேண்டும், அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும். விரட்டப் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். எழுதிவிட்டால் மனம் அதை விட்டுவிடும்.

2. வாசிப்பு

தொடங்குகிறவர்களுக்குச் சங்கீதப் புத்தகத்தைவிட நல்ல இடமில்லை. அவை ஏற்கெனவே ஜெபங்கள். மொத்தம் 150 இருப்பதால் ஒரு எளிய கணக்கு கைகொடுக்கும்: இன்றைய தேதியை எடுத்து, அதோடு 30, 60, 90, 120 கூட்டுங்கள். 5-ஆம் தேதி என்றால் 5, 35, 65, 95, 125 ஆகிய ஐந்து சங்கீதங்கள். ஐந்தின் தொடக்க வரிகளையும் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே தேதிக்கு வேறொன்று. 29-ஆம் தேதி வரிசையில் 176 வசனமுள்ள 119-ஆம் சங்கீதம் வரும். அதை விட்டுவிட்டு, 31 நாள் உள்ள மாதங்களின் கடைசி நாளில் அதிலிருந்து எட்டு வசனம் வாசியுங்கள். அந்தச் சங்கீதம் எட்டு எட்டு வசனமாக 22 பகுதிகளாகவே அமைந்திருக்கிறது. ஆங்கிலிக்கன் ஜெப புத்தகமும் சங்கீதங்களை 30 நாளுக்குக் காலை மாலையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த அளவு சபை ஆராதனைக்கு ஏற்றது, தனிஜெபத்தில் ஆரம்பக்காரருக்குப் பாரமாகிவிடும். கத்தோலிக்க வாசகர்கள் திருப்பாடல்களை இதே எண்களில் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை முழுவதும். இரண்டாம் முறை உதடு அசைய, காதுக்குக் கேட்கும்படி, எங்கே மனம் நிற்கிறதோ அங்கே நிறுத்தி. அந்த வசனத்தைத் தேதியோடு நோட்டில் கையால் எழுதுங்கள்.

காலண்டர் தாளில் வரும் வசனத்தையோ, யாரோ அனுப்பிய "இன்றைய வாக்குத்தத்தம்" படத்தையோ இந்த வாசிப்புக்குப் பதிலாக வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். தனியாக வெட்டி எடுத்த வசனம் நாம் கேட்க விரும்புவதையே திருப்பிச் சொல்லும். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைச் சேர்த்து வாசித்தவருடைய ஜெபம், வேலை நாளைக்கே கிடைக்க வேண்டும் என்று கேட்பதோடு நிற்காது. கிடைக்கும்வரை நிலைத்திருக்கும் பெலனையும் கேட்கும்.

3. வசனத்தை ஜெபமாக்குதல்

ஜெபத்தின் இருதயம் இந்தப் படி. 1535-இல் ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தன் நாவிதர் பேதுருவுக்கு ஒரு சிறுநூல் எழுதிக்கொடுத்தார். ஒவ்வொரு வரியையும் நான்கு இழையாகத் திரித்துக்கொள் என்பது அதிலுள்ள ஆலோசனை. இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது?

23-ஆம் தேதி வரிசையில் 143-ஆம் சங்கீதம் வரும். எட்டாம் வசனம்: "அதிகாலையில் உமது கிருபையைக் கேட்கப்பண்ணும், உம்மை நம்பியிருக்கிறேன், நான் நடக்கவேண்டிய வழியை எனக்குக் காண்பியும், உம்மிடத்தில் என் ஆத்துமாவை உயர்த்துகிறேன்." அன்று ஒருவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது, போவதா, வேலையை விடுவதா என்று குழப்பம். அவர் இந்த வசனத்தைப் பிடித்து ஜெபிப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஆண்டவரே, வழியைக் கேட்பதற்கு முன்னாலேயே தாவீது உம்முடைய கிருபையைக் கேட்கிறான். நானோ கண் விழித்ததும் மாற்றல் உத்தரவைத்தான் நினைத்தேன். நேற்று ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வராமல் காத்தீரே, அது உம்முடைய கிருபை, ஸ்தோத்திரம். 'உம்மை நம்பியிருக்கிறேன்' என்று வாயால் சொல்கிறேன், ஆனால் மூன்று நாளாக ஒவ்வொருவரிடமும் ஆலோசனை கேட்டுவிட்டு உம்மிடத்தில் கடைசியாக வந்திருக்கிறேன், மன்னியும். திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் என் பயம். அந்தக் காரியத்தில் ஒரு வழியைக் காண்பியும்."

ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கலாம். இதில் ஒரு அலங்கார வார்த்தைகூட இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் வசனத்தின் ஒரு துண்டிலிருந்து எழுந்து, அன்றைய நாளின் ஒரு உண்மையான காரியத்தில் வந்து முடிகிறது.

இதே சிறுநூலில் லூத்தர், நல்ல நாவிதன் கண்ணையும் மனத்தையும் சவரக்கத்தியிலேயே வைத்திருப்பான், பேச்சில் கவனம் போனால் எதிரில் இருப்பவரின் மூக்கை அறுத்துவிடுவான் என்று அவருடைய தொழிலைக் கொண்டே கவனத்தைப் புரியவைக்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: ஜெபிக்கும்போது பரிசுத்த ஆவியானவர் உள்ளத்தில் பேசத் தொடங்கினால் ஒழுங்கையெல்லாம் விட்டுவிட்டு அமைதியாகக் கேள். ஆகவே ஆறு நிமிடம் முடிந்துவிட்டதே என்று அன்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மன்றாட்டுப் பட்டியல் நாளைக்கும் இருக்கும்.

4. அறிக்கை

"என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்ற ஒற்றை வரி எதையும் தொடாது. சங்கீதம் 139:23-24-ஐ மெதுவாகச் சொல்லிவிட்டு, நேற்றைய நாளைக் காலையிலிருந்து இரவுவரை மனதில் ஓட்டிப்பாருங்கள். வந்து நிற்கும் ஒன்றையோ இரண்டையோ அதன் பெயராலேயே சொல்லுங்கள். "கோபப்பட்டேன்" என்று நிறுத்தாமல், "பால் சிந்தியதற்காகச் சின்னவளை அடித்தேன்." பிறகு 1 யோவான் 1:9-ஐச் சொல்லி அதோடு எழுந்துவிடுங்கள். மன்னிக்கப்பட்டதைத் திரும்பத் தோண்டுகிறவர்கள் உண்டு; தினமும் அரை மணி நேரம் தங்களையே நொந்துகொள்வதை அவர்கள் மனத்தாழ்மை என்று நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கண் கிறிஸ்துவின்மேல் இல்லை, தங்கள்மேலேயே இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

5. மற்றவர்களுக்காக

இருபது பேர் பெயரை ஒரே மூச்சில் வாசித்து "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்பது வருகைப்பதிவு எடுப்பதாகிவிடும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு பேர் போதும். யாரை எந்த நாளில் என்று பிரிக்கப் பரமண்டல ஜெபத்தின் ஏழு விண்ணப்பங்களும் உதவும். ஞாயிறு "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக": அன்றைய ஆராதனை, பிரசங்கிக்கப்போகும் போதகர். திங்கள் "உம்முடைய ராஜ்யம் வருவதாக": மிஷனெரிகள், சுவிசேஷம் அறியாத நண்பர்கள். செவ்வாய் "உம்முடைய சித்தம்": படிப்பு, வேலை, திருமணம் என்று முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறவர்கள். புதன் "வேண்டிய ஆகாரம்": வேலையில்லாதவர்கள், கடனில் தவிப்பவர்கள், மழைக்குக் காத்திருக்கும் விவசாயிகள். வியாழன் "கடன்களை மன்னியும்": மனஸ்தாபத்தில் இருக்கும் உறவினர்கள், உங்களைக் காயப்படுத்தியவர்கள். வெள்ளி "சோதனைக்குட்படப்பண்ணாமல்": வாலிபர்கள், குடியை விட முயல்பவர்கள். சனி "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்": நோயாளிகள், உபத்திரவப்படும் சபைகள், நாட்டை ஆளுகிறவர்கள். இந்த எல்லைக்குள் வராத அவசரத் தேவை வந்தால் அன்றே அதை முன்னால் கொண்டுவாருங்கள்.

நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் எட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்கி, இடது பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலது பக்கம் என்ன நடந்தது என்பதும். விண்ணப்பத்தை நிறைவேறியதா இல்லையா என்று தெரியும்படி எழுத வேண்டும். "அண்ணன் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்றால் அதற்குப் பதில் வந்ததா என்று எப்படித் தெரியும்? "அண்ணனும் அண்ணியும் மறுபடி பேசிக்கொள்ள வேண்டும்" என்று எழுதுங்கள். வலது பக்கம் "இல்லை" என்றும் "வேறு விதமாக நடந்தது" என்றும் எழுதத் தயங்காதீர்கள். பவுலுக்கும் முள் எடுபடவில்லை. மூன்று முறை கேட்டபின் "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது.

6. பரமண்டல ஜெபம்

முழு ஜெபத்தையும் நிதானமாகச் சொல்லுங்கள். அன்றைய விண்ணப்பம் வரும் இடத்தில் ஒரு மூச்சு நின்று தொடருங்கள். ஆமென் சொன்னபின் எழும்முன், நோட்டில் எழுதிய வசனத்திலிருந்து மூன்று நான்கு வார்த்தையை மட்டும் மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதும் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கே தடுமாறுகிறது

தூக்கம். முழங்காலில் தலை கவிழ்ந்தால் எழுந்து நில்லுங்கள், நடந்துகொண்டே ஜெபியுங்கள். வேதம் ஒரே நிலையை மட்டும் கட்டளையிடவில்லை. தானியேல் முழங்காற்படியிட்டான், எசேக்கியா படுக்கையில் சுவர்ப்புறமாகத் திரும்பி ஜெபித்தான். வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்றால் அன்னாளைப்போல உதடு மட்டும் அசையட்டும். முழுக்க மனதுக்குள் ஜெபிப்பதுதான் சீக்கிரம் தூக்கத்தில் முடியும்.

நிரப்பு வார்த்தைகள். வாக்கியத்துக்கு நான்கு முறை "அப்பா", "ஆண்டவரே", "இந்த நேரத்திலே" என்று வருகிறதா? சொல்ல வந்த காரியம் மனதில் இல்லை என்பதற்கு அது அடையாளம். மத்தேயு 6:7 கண்டிக்கும் வீண்வார்த்தை இப்படித்தான் நுழைகிறது. நிறுத்தி, மூச்சுவிட்டு, அடுத்தது என்ன கேட்கப்போகிறோம் என்று தெரிந்தபிறகு வாயைத் திறங்கள். மேடையில் கேட்ட ஊழியக்காரரின் குரலும் எதுகையும் உங்கள் தனியறையில் வேண்டாம். தகப்பனிடத்தில் பேசும் உங்கள் வீட்டுப் பேச்சே போதும்.

வறட்சி. வசனம் மரத்துப்போன கையைத் தொட்டதுபோல் இருக்கும் நாட்கள் வரும், வாரங்களும் வரும். அப்போது சந்தோஷத்தை வரவழைக்க முயலாதீர்கள். ஆறே வசனமுள்ள 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்கிறான். அதைவிட இருட்டாக இருந்தால் 88-ஆம் சங்கீதம்; அது கடைசிவரை வெளிச்சத்துக்குத் திரும்பாமலே முடிகிறது, ஆனாலும் வேதத்தில் ஜெபமாகவே இருக்கிறது. சில வாரங்களாகத் தூக்கமில்லை, பசியில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் ஜெபத்தோடுகூட டாக்டரையும் உடனே பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

கைக்குழந்தை உள்ள தாய்க்கும் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் நர்ஸுக்கும் இந்த 25 நிமிடம் அப்படியே பொருந்தாது. தாய்க்கு, பால் கொடுக்கும் நேரத்துக்கு ஒரே ஒரு வசனம், பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியது போதும். ஒரு வாரம் முழுக்க அதே வசனம் இருக்கலாம். வீட்டுக்காரர் காலையில் பதினைந்து நிமிடம் குழந்தையை வாங்கிக்கொண்டால் அதுவும் ஊழியம்தான். ஷிப்ட் வேலைக்காரருக்குக் காலை என்பது தூங்கி எழுந்த நேரம், அது பிற்பகல் மூன்று மணியாக இருந்தாலும்.

நான்கு நாள் விட்டுப்போனால், விட்ட நான்கு சங்கீதங்களையும் சேர்த்து வாசித்துக் கணக்கைச் சரிசெய்ய வேண்டாம். நோட்டில் வெறும் இடத்தை அப்படியே விட்டு, இன்றைய தேதியை எழுதி, இன்றைய சங்கீதத்தைத் திறங்கள்.